எந்த வயதில் மூளை கற்பதை நிறுத்துகிறது?

ஆங்கிலத்தின் 'ர', 'ல' ஒலிகளைப் பிரித்துக் கேட்பது ஜப்பானியர் பலருக்குப் பெரும்பாடு. அவர்கள் மொழியில் அந்த வேறுபாடு இல்லை. ஆனால் ஜப்பானில் பிறந்த ஆறேழு மாதக் குழந்தைக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அமெரிக்கக் குழந்தைக்கு இணையாக இரண்டையும் பிரித்தறிகிறது. ஒரு வயதை நெருங்கும்போது அமெரிக்கக் குழந்தையின் திறன் கூடுகிறது, ஜப்பானியக் குழந்தையின் திறன் குறைகிறது. குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் அமெரிக்க விஞ்ஞானி பட்ரீஷியா கூலின் குழு 2006இல் வெளியிட்ட முடிவு இது.

இதை இழப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் பேசும் மொழிக்குத் தேவையற்ற வேறுபாடுகளை ஒதுக்குவதால்தான் தேவையானவற்றில் குழந்தையின் காது கூர்மையடைகிறது. பிறந்த முதல் ஓரிரு ஆண்டுகளில் நரம்பணுக்கள் தங்களுக்குள் தேவைக்கு மிஞ்சிய இணைப்புகளை உண்டாக்கிக்கொள்கின்றன. அடிக்கடி வேலை செய்பவை வலுப்பெறுகின்றன. சும்மா கிடப்பவை களையப்படுகின்றன. திட்டமிடவும் பொறுமை காக்கவும் உதவும் நெற்றிப் பகுதியில் இந்தக் களையெடுப்பு இருபது வயதைத் தாண்டியும் நடக்கிறது. குழந்தையிடம் பேசுவதும், அது கேட்பதற்கெல்லாம் பதில் சொல்வதும் எந்த இணைப்பு நிலைக்கும் என்பதைத் தீர்மானிக்கும் வேலைகள் என்பதால், அவற்றைப் பொழுதுபோக்காக என்னால் பார்க்க முடியவில்லை.

ஒவ்வொரு திறனுக்கும் உரிய இந்த இளகிய பருவம் முடியும்போது, சில நரம்பணுக்களைச் சுற்றிச் சர்க்கரையும் புரதமும் சேர்ந்த வலை ஒன்று இறுகுகிறது. கற்றது கலையாமல் இருக்க அது வேண்டும். 2002இல் வெளியான ஓர் ஆய்வில், வளர்ந்த எலிகளின் பார்வைப் பகுதியில் இந்த வலையை ஒரு நொதியால் கரைத்தார்கள். குட்டிகளிடம் மட்டுமே காணப்படும் நெகிழ்ச்சி அங்கே திரும்பி வந்தது. அத்தனை காலமும் அது உள்ளேயே இருந்திருக்கிறது. வலை அதை அடக்கி வைத்திருந்தது.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்று கேட்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான். ஐம்பதிலும் வளையும். ஐந்தில் தானாக வளைந்தது, ஐம்பதில் கவனம் வைத்தால் வளையும். குழந்தையின் மூளை காதில் விழுவதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். பெரியவரின் மூளை முதலில் 'இது முக்கியமா?' என்று கேட்கிறது. நாம் ஒன்றைக் கூர்ந்து கவனிக்கும்போது மூளையின் அடிப்பகுதியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்ற விடை அதுதான். வளர்ந்த எலிகளுக்கு ஓர் ஒலியைக் கேட்கச் செய்து, அதே நேரத்தில் இந்தச் சுரப்பைத் தூண்டியபோது, அவற்றின் மூளையில் ஒலிகளைக் கேட்டறியும் பகுதியில் அந்த ஒலிக்கான இடம் விரிந்தது. மனிதர்களிடமும் இதற்கு இணையான ஒன்றைக் காணலாம். ஜப்பானியப் பெரியவர்களுக்கு, பலருடைய குரல்களில் பதிவு செய்த 'ர', 'ல' சொற்களைக் கேட்கவைத்து, சரியா தவறா என்று உடனுக்குடன் சொல்லிப் பயிற்சி கொடுத்தார்கள். சில வாரங்களில் கேட்கும் திறன் தெளிவாக உயர்ந்தது. மூன்று மாதம் கழித்துச் சோதித்தபோதும் அது குறையவில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களின் அளவை அவர்கள் எட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எழுத்தறியாமல் வளர்ந்தவர்கள் பெரியவர்களாகிப் படிக்கக் கற்பது இதைவிட வியப்பானது. 2017இல் வெளியான ஆய்வில், லக்னோவுக்கு அருகே, பெரும்பாலும் முப்பது வயதை ஒட்டிய பெண்கள், ஆறு மாதம் இந்தி எழுத்துகளைக் கற்றார்கள். முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேன்களை ஒப்பிட்டபோது, மேல்மட்ட மூளையோடு நிற்காமல், பார்வையை எங்கே திருப்புவது என்று முடிவு செய்யும் ஆழமான, பழமையான பகுதிகளிலும் மாற்றம் தெரிந்தது. எழுத்து என்பதே மனித குலத்துக்குச் சில ஆயிரம் ஆண்டு வயதுள்ள புதுப் பழக்கம். அதற்கென்று பிறவியில் ஒரு பகுதி மூளையில் இருக்க வாய்ப்பில்லை. மூளை இருப்பதைக் கொண்டே எழுத்துக்கு இடம் அமைத்துக்கொள்கிறது, அதுவும் முப்பது வயதில்.

கற்றதைத் தக்கவைப்பதற்கான வழி எல்லா வயதினருக்கும் ஏறக்குறைய ஒன்றே. புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பது, நாள் இடைவெளி விட்டுத் திரும்புவது, நன்றாகத் தூங்குவது. திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, நினைவிலிருந்து சொல்லிப் பார்த்தவர்கள் முந்தினார்கள் என்று 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் காட்டினார்கள்.

முதுமையில் குறைவது வேகம். புதியதைச் சட்டென்று பிடிக்கும் திறன் இளமையிலேயே உச்சம் தொட்டு இறங்கத் தொடங்குகிறது. சொல்வளமோ அறுபதைத் தாண்டியும் பெருகுகிறது. முதியோருக்குக் குழந்தைப் பாடத்தைக் குழந்தைக் குரலில் நடத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். முதியோருக்குத் தேவை கூடுதல் நேரமும், ஏற்கெனவே தெரிந்தவற்றோடு முடிச்சுப் போட்டுக்கொள்ள வாய்ப்பும்.

மூன்று பந்துகளை மாற்றி மாற்றி வீசிப் பிடிக்கும் வித்தையை இளைஞர்களுக்கு மூன்று மாதம் பழக்கி, 2004இல் ஒரு ஜெர்மானியக் குழு ஸ்கேன் எடுத்தது. அசைவைக் காணும் பகுதி சற்றுத் தடித்திருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, அறுபது வயதை ஒட்டியவர்களிடம் அதே பயிற்சியின் முடிவுகள் வெளியாயின. இளைஞர்கள் அளவுக்குத் தேறியவர்கள் குறைவு. ஆனாலும் தேறியவர்களின் மூளையில் அதே இடம் வளர்ந்திருந்தது. நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸிலும் வளர்ச்சி தெரிந்தது. பிறகு பந்துகளைத் தொடாமல் மூன்று மாதம் இருக்கச் சொன்னார்கள். இளைஞர், முதியவர் என்ற பாகுபாடில்லாமல், வளர்ந்தது மறுபடி சுருங்கியது.