இதய ரத்தக் குழாயில் 70 சதவீத அடைப்பு என்றால் ஸ்டென்ட் வைத்தே ஆக வேண்டுமா?

மாரடைப்போடு வருபவருக்கு யோசிக்க நேரமில்லை. மருத்துவமனைக்குள் வந்த 90 நிமிடத்துக்குள் குழாயைத் திறந்துவிடப் பார்ப்பார்கள். நடந்தால் நெஞ்சு இறுக்கம், உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது என்பவர் விஷயம் வேறு. 2020-இல் வெளியான ‘இஸ்கீமியா’ என்ற ஆய்வில் இப்படிப்பட்டவர்களுக்கு ஸ்டென்ட்டும் (குழாயை விரித்துப் பிடிக்கும் உலோக வலை) பைபாஸும் (அடைப்பைத் தாண்டி மாற்றுக் குழாய் ஒட்டும் அறுவை சிகிச்சை) வலியைக் குறைத்தன. ஆனால் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களைவிட உயிரிழப்பு குறையவில்லை. (இதயத்தின் இடப்பக்க முதன்மைக் குழாயான லெஃப்ட் மெயினில் பெரிய அடைப்பு உள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை.) ஸ்டென்ட் ஓர் இடத்தைத்தான் சரிசெய்யும். 40 சதவீதமே அடைத்த இன்னொரு கொழுப்புத் திட்டு வெடித்தாலும் மாரடைப்பு வரும். அதற்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைதான் காவல்.

ரெண்டுங்கெட்டான் அடைப்பு என்றால் அழுத்தம் அளக்கும் கம்பியை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். அடைப்புக்கு அப்பால் உள்ள அழுத்தம் முன்னால் உள்ளதில் 0.80 பங்கு அல்லது அதற்கும் கீழே என்றால் ஸ்டென்ட் பலன் தரும்.

மணிக்கட்டு வழியாக 2 மி.மீ. தடிமனுள்ள கதீட்டர் என்ற மெல்லிய குழல் போகும். அதனுள் 0.36 மி.மீ. கம்பி அடைப்பைத் தாண்டும். கம்பியின் மேல் சறுக்கிக்கொண்டு, ஸ்டென்ட் சுற்றிய பலூன் போகும். பலூனை ஊதுவது காற்றால் அல்ல, சலைன் கலந்த எக்ஸ்-ரே சாயத்தால். பலூன் கிழிந்தால் காற்று இதயக் குழாயை அடைத்துவிடும். சுண்ணாம்பு ஏறிய அடைப்பில் பலூன் முழுசாக விரியாது. நிமிடத்துக்கு 1,40,000 முறைக்கு மேல் சுழலும் வைரத்துகள் முனையால் முதலில் அதைச் சுரண்ட வேண்டும். அதைச் செய்யாமல் அவசரப்பட்டு வைத்த, பாதி விரிந்த ஸ்டென்ட், வைக்காததைவிட மோசம்: அதன் இடுக்குகளில் ரத்தம் உறையும்.

ஒழுங்காக விரிந்த ஸ்டென்ட்டிலும் உலோகத்தைக் குழாயின் உட்படலம் வளர்ந்து மூடும்வரை ரத்தம் உறையலாம். அதனால்தான் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகள்: ஆஸ்பிரினோடு குளோபிடோகிரெல் அல்லது டிகாக்ரெலார்; பொதுவாக 6 மாதம், மாரடைப்பு வந்தவர்களுக்கு 12 மாதம். பல் பிடுங்குவதற்காக இதய மருத்துவரைக் கேட்காமல் இவற்றை நிறுத்துவது பெரிய ஆபத்து.

சர்க்கரை நோயோடு பல குழாய்களில் அடைப்பு என்றால் பைபாஸே பெரும்பாலும் மேல். மார்பின் உட்புறத் தமனியை எடுத்து ஒட்டியது 10 ஆண்டு கழித்தும் 90 சதவீதம் பேருக்குத் திறந்திருக்கும். காலிலிருந்து எடுத்த சிரைகளில் ஏறக்குறைய பாதி அதற்குள் அடைந்துவிடும். தமனியின் அழுத்தம் அவற்றுக்குப் பழக்கமில்லை.