மருத்துவமனையில் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்

அமெரிக்காவில் பொது மருத்துவராகப் பணிபுரியும் நான், வலியால் துடிக்கும் தாயின் கட்டிலருகே, புத்தகப் பையைக்கூட இறக்கி வைக்காத பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இரு மொழிகளுக்கு நடுவே திணறுவதை அடிக்கடி காண்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் பதறுகிறது.

ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த ஓர் அம்மா, நெஞ்சின் நடுவே கையை அழுத்தியபடி, "வாயு புடிச்சிருக்குப்பா, நெஞ்ச அடைக்குது" என்றார். அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த பேரன் அதை 'கேஸ்' என்று செவிலியரிடம் சொல்ல, வயிற்றுக் கோளாறு என்று பதிவாகிவிட்டது. நான் தமிழில் விசாரித்த பிறகுதான், வலி இடது தோளுக்குப் பரவுவதும் படியேறினால் கூடுவதும் தெரிந்தது. இசிஜி எடுத்துப் பார்த்தால் மாரடைப்பு. நம் பெரியவர்கள் எதையெல்லாம் வாயு என்பார்கள் என்பது அந்தச் சிறுவனுக்கு எப்படித் தெரியும்?

1980இல் தென் புளோரிடாவில், நினைவிழந்த நிலையில் கொண்டுவரப்பட்ட 18 வயது இளைஞரைக் குறித்து, கியூபாவைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தினர் ஸ்பானிய மொழியில் 'இன்டோக்சிகாடோ' என்றனர். உண்டதோ குடித்ததோ ஒத்துக்கொள்ளவில்லை என்பதே அவர்கள் சொல்ல வந்தது. அதைப்போலவே ஒலிக்கும் ஆங்கிலச் சொல் போதையைக் குறிப்பதால், மருத்துவர்களோ அதைப் போதை மருந்து என்று புரிந்துகொண்டு சிகிச்சையளித்தார்கள். மூளையில் ஏற்பட்டிருந்த ரத்தக்கசிவு உரிய நேரத்தில் கண்டறியப்படாததால் அவருடைய கைகால்கள் நான்கும் செயலிழந்தன. வாழ்நாள் இழப்பீடு ஏறத்தாழ 7.1 கோடி டாலர்.

மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுவது உரிமை, சலுகையன்று. அரசு நிதி பெறும் நிறுவனங்கள் பிறந்த நாட்டை வைத்துப் பாகுபாடு காட்டுவதை 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் தடுக்கிறது. 2010இல் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ், தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றி ஏற்பாடு செய்வது மருத்துவமனையின் பொறுப்பு. உயிருக்கு ஆபத்தான அவசரம் தவிர, சிறுவர்களை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. 2025 மார்ச்சில் ஆங்கிலத்தை அலுவல் மொழியாக அறிவித்த அதிபர் ஆணை இவ்விரு சட்டங்களையும் நீக்கிவிடவில்லை என்பதைப் பலர் அறியாமல், கேட்கவே தயங்குகிறார்கள்.

கேட்கும்போது நாட்டின் பெயர் போதாது. குவாத்தமாலாக்காரர் என்றாலே ஸ்பானிய மொழிபெயர்ப்பாளரை அழைத்துவிடுகிறார்கள். அவர்களில் பலருக்குத் தாய்மொழி மாம், கிச்சே போன்ற மாயா மொழிகள். இந்தியர் என்றால் இந்தி பேசுபவர் தொலைபேசியில் வருகிறார். நம் அம்மாக்களும் மரியாதைக்காகத் தலையை ஆட்டிவிடுகிறார்கள், அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்றே நாங்கள் எழுதிக்கொள்கிறோம். ஆகவே, நேரம் குறிக்கும்போதே 'தமிழ்' என்று மொழியின் பெயரைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஆள் கிடைக்கச் சற்றுத் தாமதமானாலும், அவசரமில்லையென்றால் காத்திருங்கள்.