மங்கிய குவார்ட்ஸ் மேடைக்கு மெஷின் தேவையா?

சில மாதங்களுக்கு முன் ஒரு வீட்டில் கிச்சன் மேடையைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். வெள்ளை குவார்ட்ஸ், போட்டு மூன்று வருடம். சிங்க்கை ஒட்டி உள்ளங்கை அகலத்துக்கு மங்கல். "தம்பி, பாலிஷ் போயிடுச்சு, மெஷின் போட்டுக் கொடுத்துடுங்க" என்றார் அந்த அம்மா. நான் மெஷினை வண்டியிலிருந்து இறக்கவே இல்லை. பழைய ஏடிஎம் கார்டைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டினேன். வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. போர் தண்ணீரின் உப்பு, அதன்மேல் பாத்திர சோப்பு. அரை மணி நேர வேலை.

பளபளப்பு போய்விட்டது என்று என்னைக் கூப்பிடும் வீடுகளில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான். பளபளப்பு அப்படியேதான் இருக்கும், மேலே ஏதோ படிந்து அதை மூடியிருக்கும். இது தெரியாமல் மெஷினை வைத்தால் நல்ல கல் கெடும்.

கண்டுபிடிப்பது சுலபம். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, போன் டார்ச்சை மேடையோடு மேடையாகப் படுக்க வைத்து அடியுங்கள். படிவு என்றால் திட்டாக, ஓரம் தெரிய நிற்கும், நகத்தில் சொரசொரக்கும். உப்புக்கு, வினிகரில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து துணியில் நனைத்து ஐந்து நிமிடம் போட்டு எடுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் துடைத்து, ஈரமே இல்லாமல் காயவிடுங்கள். ராத்திரி முழுக்க ஊறப்போட வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்குக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். எதையும் முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் போட்டுப் பாருங்கள்.

பளபளப்புக்கு என்று விற்கும் சிலிக்கான் ஸ்பிரேயும் படிவில்தான் சேரும். நாலு நாள் மின்னும், அப்புறம் அதுவே திட்டுத் திட்டாகத் தெரியும். அதன்மேல் இன்னொரு ஸ்பிரே. அந்தச் சுழலில் மாட்டிய மேடைகளைச் சுத்தம் செய்வதுதான் எனக்குப் பெரிய எரிச்சல்.

துடைத்தும் போகவில்லையா? அப்போதுதான் கல்லைச் சந்தேகிக்க வேண்டும். இது மலையிலிருந்து அப்படியே அறுத்து வந்த கல் இல்லை. எடையில் சுமார் 90 சதவீதத்துக்கு மேல் குவார்ட்ஸ் துகள், மீதி நிறமியும், துகளை ஒட்டிப் பிடிக்கும் பாலியெஸ்டர் ரெசின் என்ற பிசினும். எல்லாவற்றையும் கலந்து, காற்றை உறிஞ்சி, அதிரவைத்து அழுத்திப் பலகையாக்குவார்கள். இத்தாலியின் பிரெட்டான் கம்பெனி கொண்டுவந்த முறை அது. குவார்ட்ஸ் கத்திக்கும் மசியாது. அடிபடுவது ரெசின்தான். சிங்க் அடைப்புக்குப் போடும் காஸ்டிக் சோடா, பாத்ரூம் ஆசிட், பெயின்ட் ரிமூவர், கூடவே தினமும் தேய்க்கும் கம்பி நார், எல்லாம் ரெசினைத்தான் பதம் பார்க்கும். அடைப்பு எடுக்கும் பொடி டப்பாவை ஒரு ராத்திரி வைத்ததில் அதே வட்டத்துக்கு மங்கிய மேடையையும் பார்த்திருக்கிறேன்.

சூடு இன்னும் மோசம். ரெசின் சுமார் 150 டிகிரி வரைதான் தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வடை சுட்ட எண்ணெய்ச் சட்டி 180-ஐத் தொடும். அடுப்பிலிருந்து இறக்கி நேரே மேடையில் வைத்தால் ரெசின் பழுத்துவிடும். அந்த மஞ்சள் உள்ளே இறங்கியது, எந்த பாலிஷும் அதை எடுக்காது. பாட்டி வீட்டுப் பிரிமனை ஒன்று அடுப்பு ஓரம் கிடந்தால் போதும்.

ரெசின் லேசாகத் தேய்ந்த மங்கலைச் சரிசெய்யலாம். ஆனால் கிரானைட் பாலிஷ் போடுகிறவரின் கைப்பழக்கம் இங்கே உதவாது. கிரானைட்டில் வேகத்தைக் கூட்டி, பவுடர் போட்டு, அழுத்திச் சூடேற்றிப் பளபளப்பு வாங்குவார்கள். இங்கே அந்தச் சூடே எதிரி. இதற்கென்றே வரும் வைரத்தூள் பேட், குறைந்த வேகம், விடாமல் தண்ணீர். பேடில் எண் கூடக் கூடத் தூள் நைஸாகும். 400-ஆம் எண்ணுக்குக் கீழே நான் இறங்குவதில்லை, பள்ளம் விழும். 800, 1500, 3000 என்று ஏறும்போது ஒவ்வொரு பேடையும் முந்தையதைவிட அகலமாக ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் வளையம் போலத் தெரியும். வெள்ளைக் கல்லில் நிறமுள்ள பேட் போட்டால் அந்தச் சாயமே இறங்கும். இவ்வளவு செய்தாலும், வரிசையாகப் பல தலைகள் ஓடும் ஃபாக்டரி மெஷின் தந்த பளபளப்பு அச்சாக வராது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்ந்து பார்த்தால் தெரியும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கை வைப்பேன். மேட் ஃபினிஷ் கல்லுக்கு இந்த வேலையே கூடாது. அதில் தேய்த்த இடம் மட்டும் மின்னி அசிங்கமாக நிற்கும்.

தூசி விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. இந்தக் கல்லைக் காய்ந்தபடி தேய்த்தால் பறப்பது பெரும்பாலும் சிலிக்கா, குவார்ட்ஸ் என்பதே அதுதான். கிரானைட் தூசியில் இருப்பதைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும், வந்தால் குணமாகாது. கல் அறுக்கும் தொழிலாளிகள் பலர் இப்படி நோயில் விழுந்ததால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தக் கல்லைத் தயாரிப்பது, விற்பது, பொருத்துவது எல்லாவற்றையும் தடை செய்தது. வீட்டில் சும்மா இருக்கும் மேடையால் உங்களுக்கு ஆபத்து இல்லை, பயப்பட வேண்டாம். தேய்க்கிறவருக்குத்தான் ஆபத்து, கூடவே அந்த நேரம் பக்கத்தில் நிற்கும் உங்கள் பிள்ளைக்கும். வேலைக்கு வருகிறவர் கையில் தண்ணீர்க் குழாய் இல்லாமல், முகத்தில் வெறும் கர்ச்சீப் கட்டிக்கொண்டு நின்றால், "ஈரமா பண்றதா இருந்தா வாங்கண்ணே" என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.