புதுச் சாமான் ஏன் சலிக்கிறது?

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “ஆறு மாதம் காசு சேர்த்து வாங்கிய போன் மூன்றே வாரத்தில் சலித்துவிட்டது. என் அப்பத்தாவோ சீராகக் கொண்டுவந்த சாமானையெல்லாம் பேத்திகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, ஒரு அறையும் ஒரு டிரங்குப் பெட்டியுமாகச் சந்தோஷமாக இருக்கிறார். இதற்கு மூளைக்குள் காரணம் உண்டா?”

உண்டு. சாமான் பரப்பிக் கல்யாணம் பார்த்த ஊர்க்காரர்கள் நாம். அப்படிப் பரப்பிய சீர் எத்தனையோ இன்று முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தூசி படிந்து கிடக்கிறது.

மூளையில் செய்தி கடத்தும் செல்தான் நரம்பணு. அவை ஒன்றுக்கொன்று செய்தி சொல்லப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களில் ஒன்று டோபமின். டோபமின் குறைந்துபோகும் பார்க்கின்சன் நோயில் உடல் அசைவு ஏன் கெடுகிறது என்று தேடிப்போனவர் நரம்பியல் ஆராய்ச்சியாளர் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ். குரங்கின் நடுமூளையில் மெல்லிய மின்முனையை வைத்து டோபமின் சுரக்கும் நரம்பணுக்களைக் கவனித்தார். அசைவை அவை பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. வாயில் ஒரு சொட்டுப் பழச்சாறு விழுந்ததும் படபடவென்று துடித்தன. சரி, இனிப்பு கண்ட சந்தோஷம் என்று நினைக்கலாம். ஆனால் சாறு தருவதற்கு முன் ஒவ்வொரு முறையும் ஒரு விளக்கைக் காட்டிப் பழக்கியதும், துடிப்பு விளக்குக்கு இடம் மாறிவிட்டது. சாறு விழும்போது ஒன்றுமே இல்லை. அதே சாறு, அதே நாக்கு! அப்புறம் விளக்கைக் காட்டிவிட்டுச் சாற்றைத் தராமல் நிறுத்தினார்கள். சாறு வந்திருக்க வேண்டிய அந்தக் கணத்தில், வழக்கமான துடிப்பும் அடங்கிப்போனது. வராத ஒன்று எப்போது வந்திருக்க வேண்டும் என்று ஒரு நரம்பணுவுக்குத் தெரிகிறது! இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு கணக்கப்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். வந்த தொகையை அவர் பேரேட்டில் எழுதுவதில்லை. எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதுகிறார். எதிர்பார்த்ததே வந்தால் பூஜ்யம். டோபமின் நரம்பணுக்களின் கணக்கும் இதுதான். இது கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் ஒரு சூத்திரத்தோடு பொருந்துவதை 1997இல் ஷுல்ட்ஸ், பீட்டர் டயான், ரீட் மாண்டேக் மூவரும் காட்டினார்கள். போன் டப்பாவைத் திறந்த நாளில் பெரிய வித்தியாசம். மூன்றாம் வாரம் பூஜ்யம். அடுத்த மாடலின் விளம்பரம்தான் இப்போது விளக்கு.

குரங்கின் சாற்றிலிருந்து மனித நிறைவுக்கு ஒரே தாவலில் போய்விட முடியாது. ஆனாலும் 1978இல் உளவியலாளர் ஃபிலிப் பிரிக்மன் குழு 22 லாட்டரி வெற்றியாளர்களிடம் பேசியபோது, அன்றாடச் சின்னச் சுகங்களில் அவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே இன்பம் கண்டது தெரிந்தது.

பொருள் வந்தும் மனசு நிறையவில்லை என்றால் ‘கண் பட்டிருக்கும்’ என்று திருஷ்டி சுற்றுகிறோம். யார் கண்ணும் படவில்லை, பழகிவிட்டது, அவ்வளவுதான். நோயைத் தேடிப்போனவருக்கு ஆசையின் கணக்கு கிடைத்ததே, அதனால்தான் உடனடிப் பலன் கேட்காமல் ஆராய்ச்சிக்குப் பணம் தர வேண்டும் என்று நான் விடாமல் சொல்கிறேன்.

உங்கள் அப்பத்தா? எதிர்பார்ப்பு இறங்கினால் சின்ன வரவும் பேரேட்டில் ஏறும் என்பது என் ஊகம். நம்முடையது வானம் பார்த்த பூமி. மழை சொல்லிவிட்டு வருவதில்லை. அடுத்த மழைக்கு வளவு முற்றத்தில் அண்டாவை வைத்துவிட்டு அவர் உள்ளே போகிறாரா, அங்கேயே உட்கார்ந்து பார்க்கிறாரா என்று கவனித்து எழுதுங்கள்.