ஸ்டென்ட் வைத்த பின்னும் தொடரும் அழற்சி

இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறக்க ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்து எட்டு மாதம் கழித்து மீண்டும் நெஞ்சுவலியோடு வந்த 52 வயதுக்காரர் ஒருவர், ரத்தப் பரிசோதனைச் சீட்டை என் மேசைமேல் வைத்து, "கொழுப்பு கட்டுக்குள்தானே இருக்கிறது, டாக்டர்? பிறகு எப்படி மறுபடியும் அடைப்பு?" என்று கேட்டார். அவர் கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி.

பலூனை விரித்து ஸ்டென்டைப் பதிக்கும்போது ரத்தக்குழாயின் உட்சவ்வு கிழிகிறது. உடல் அதைக் காயமாகவே கருதி, வெள்ளணுக்களை அங்கே அனுப்புகிறது. இதுதான் அழற்சி. காயம் ஆற இது தேவைதான். ஆனால் அழற்சி அளவு மீறினால் குழாய்ச் சுவரின் தசைச் செல்கள் ஸ்டென்டுக்குள் வளர்ந்து வழியை மீண்டும் குறுக்குகின்றன. மருந்து பூசிய ஸ்டென்ட் இந்த ஆபத்தை வெகுவாகக் குறைத்தாலும் அடியோடு நீக்கிவிடவில்லை. மேலும், ஸ்டென்ட் ஓர் இடத்து அடைப்பைத்தான் திறக்கிறது. மற்ற இடங்களில் உள்ள கொழுப்புப் படிவுகளின் மூடியை அழற்சி மெலியச் செய்து, ஒருநாள் அது வெடித்து ரத்தம் உறைய வழிசெய்துவிடும்.

இந்த அழற்சியை ஹெச்எஸ்-சிஆர்பி என்ற எளிய ரத்தப் பரிசோதனை ஓரளவு காட்டும். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் தொடர்ந்து இருந்தால் கவனிக்க வேண்டும். காய்ச்சலின்போதோ, ஸ்டென்ட் வைத்த உடனேயோ எடுத்தால் அளவு தானாகவே உயர்ந்திருக்கும் என்பதால், இரண்டு வார இடைவெளியில் இருமுறை பார்ப்பதே என் வழக்கம்.

மாரடைப்பு வந்த சுமார் 10,000 பேரிடம் நடந்து 2017-இல் வெளியான கான்டோஸ் ஆய்வில், கொழுப்பைக் குறைக்காமல் அழற்சியை மட்டும் தணித்தபோதே, 150 மில்லிகிராம் அளவில் கானகினுமாப் என்ற அழற்சி தணிக்கும் மருந்து பெற்றவர்களுக்கு இதய பாதிப்புகள் 15 சதவீதம் குறைந்தன. ஆனால் உயிர்பறிக்கும் தொற்றுகள் கூடின. அழற்சியைத் தணிக்கும் இன்னொரு மருந்தான கோல்சிசின் மாத்திரையைப் பொறுத்தவரை 2019, 2020 ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. 2024-இல் வெளியான பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. ஆகவே நான் அதை எல்லோருக்கும் எழுதுவதில்லை. நம் மாநில மலரான செங்காந்தளில் இருப்பதும் இதே கோல்சிசின்தான் என்று கேள்விப்பட்டு, அதன் கிழங்கான கண்வலிக்கிழங்கை யாரும் கைவைத்தியமாக உண்டுவிடக் கூடாது. அது உயிரைப் பறிக்கும் நஞ்சு.

அந்த 52 வயதுக்காரரின் சிஆர்பி இருமுறையும் 5-ஐத் தாண்டியது. புகையை அவர் விடவில்லை. ஈறுகளில் சீழும் ரத்தமும் இருந்தன. இவ்விரண்டுமே அழற்சியை உயர்த்துபவை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேடின் மாத்திரையின் அளவைக் கூட்டி, புகையை நிறுத்த உதவி ஏற்பாடு செய்து, பல் மருத்துவரிடம் அனுப்பினேன். பல்லைப் பிடுங்குவதற்காக, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் என்னைக் கேட்காமல் ஒருநாள்கூட நிறுத்த வேண்டாம் என்று அந்தப் பரிந்துரைச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தேன்.