சிமெண்ட் – அடைப்புக்காரை

சொத்தைக் குழியை அடைக்கவும் பல்லுக்குத் தொப்பி ஒட்டவும் பல் மருத்துவர் குழைக்கும் பொருளைச் சிமெண்ட் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இலத்தீனில் ‘கேமென்டும்’ என்றால் உடைத்த கல், கல் சில்லு. ‘வெட்டு’ என்னும் பொருளுள்ள ‘கேடெரே’ என்ற வினையிலிருந்து பிறந்தது. சல்லிக்கு இருந்த பெயர், பின்னாளில் அந்தச் சல்லியைப் பிடித்து நிறுத்தும் பசைக்குப் போய்விட்டது.

பல்லடைப்பில் அந்தச் சல்லியும் இருக்கிறது. வில்சன், கென்ட் என்னும் ஆய்வாளர்கள் 1972இல் அறிவித்த கிளாஸ் அயனோமர் என்ற பல் சிமெண்டைப் பாருங்கள். அலுமினோசிலிக்கேட் கண்ணாடித் தூளைப் பாலிஅக்ரிலிக் அமிலத்தில் குழைத்ததும் ஒவ்வொரு துகளின் மேல்தோல் மட்டும் கரைந்து கால்சியம், அலுமினிய அயனிகளை விடும். அவை அமிலச் சங்கிலிகளைப் பிணைத்து இறுக்கும். கரையாத நடுப்பகுதிதான் சல்லி.

வலுவூட்டச் சேர்க்கும் பொருள் இந்தப் பிணைப்போடு பற்ற வேண்டும். பற்றாவிட்டால் அது உள்ளே கிடக்கும் ஓட்டைக்குச் சமம். வெள்ளிக் கலவைப் பொடியை வெறுமனே கலந்தபோது நேர்ந்தது அதுதான். பிறகு, 1980களில், வெள்ளியையும் கண்ணாடியையும் சூட்டில் ஒட்டவைத்துப் பொடித்தார்கள். தேய்மானம் குறைந்தது, ஆனால் நிறம் சாம்பலானது, நொறுங்கும் குணமும் பெரிதாக மாறவில்லை. நானோ டைட்டானியம் ஆக்சைடு எடையில் 3 முதல் 5 விழுக்காடு வரை பலன் தரும். அதற்கு மேல் போனால் துகள்கள் திரண்டு, விரிசல் அங்கிருந்தே தொடங்கும். ஹேமா என்னும் பிசினைச் சேர்த்த வகை வளைவைக் கூடுதலாகத் தாங்கும். ஆனால் நீரை உறிஞ்சி உப்பும். இதில் சேர்க்கும் டார்டாரிக் அமிலத்தின் முதல் வேலை வலுவூட்டுவது அல்ல: குழைக்கும் நேரத்தை நீட்டி, பிறகு சட்டென இறுகச் செய்வது.

இன்னொரு பல் சிமெண்டான துத்தநாக ஆக்சைடு–யூஜெனால் (யூஜெனால் கிராம்பு எண்ணெயின் சத்து) இயல்பிலேயே மெலிந்தது. அதன் பொடியில் 20 விழுக்காடு அக்ரிலிக் பாலிமர் சேர்த்தால் தற்காலிக அடைப்புக்குத் தாங்கும்.

கிளாஸ் அயனோமருக்கே திரும்புவோம்: தூளைக் குறைத்துத் தண்ணியாகக் குழைத்தால் எந்தச் சேர்மானமும் காப்பாற்றாது. அளவுக்கரண்டியைத் தட்டிச் சமப்படுத்தி எடுத்து, தூளை இரண்டு பங்காக்கி, அரை நிமிடத்துக்குள் மடித்து மடித்துக் குழைக்க வேண்டும். அரைத்தால் காற்றுக்குமிழி புகும். மேற்பரப்பில் பளபளப்பு இருக்கும்போதே குழியில் வைத்துவிட வேண்டும். பளபளப்பு மங்கிவிட்டால் பல்லோடு ஒட்டும் அமிலம் தீர்ந்துவிட்டது என்று பொருள், அதை எறிந்துவிடுங்கள். வைத்ததும் வார்னிஷ் பூச வேண்டும். எச்சில் பட்டால் அயனிகள் கரைந்தோடி மேல்புறம் சுண்ணாம்பாய்ப் பொரியும். சோதனைக்கு 4 மி.மீ. விட்டமும் 6 மி.மீ. உயரமும் உள்ள உருளையை 37 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 24 மணி நேரம் வைத்து நசுக்குவார்கள். அடைப்பு வகை குறைந்தது 100 மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) தாங்க வேண்டும்.

தமிழில் என்ன சொல்லலாம்? பைஞ்சுதை கட்டடச் சிமெண்டுக்கு நிலைத்துவிட்டது. ‘பற்காரை’ பொருந்தும், ஆனால் பல்வேரை மூடிய இயற்கைப் படலத்துக்கும் அதே பெயர் வழங்குகிறது. ஆகவே குழியை நிரப்புவது அடைப்புக்காரை, தொப்பியைப் பிடிப்பது ஒட்டுக்காரை. அதில் கலப்பது சேர்மானம். கலப்பு என்றால் கலப்படம் காதில் விழும்.