கேட்ட ஒலியும் கண்ட எழுத்தும்

பேச்சு, பேசுவோர் நடுவில் வளரும் குழந்தைக்குத் தானாக வந்துவிடும். வாசிப்பை யாராவது கற்றுத்தர வேண்டும். மூளையின் இடப்பக்கப் பின்பகுதியில், முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் பகுதிகளை ஒட்டிய ஒரு சிறு இடம், பயிற்சியால் மெல்ல மெல்ல எழுத்துகளுக்கென்று பழகிக்கொள்கிறது என்பதைப் பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் ஸ்தனிஸ்லாஸ் தெஹேனும் அவருடைய குழுவினரும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அந்த இடம் பேச்சொலிகளைக் கையாளும் பகுதிகளோடு உறுதியாக இணைந்தால்தான் குழந்தையால் எழுத்துக்கூட்டி வாசிக்க முடியும். நல்ல வாசிப்புச் செயலி உதவுவது இந்த இணைப்புக்குத்தான்.

பின்லாந்தின் யூவாஸ்கூலா பல்கலைக்கழகத்தில் உருவான கிராஃபோகேம் என்னும் விளையாட்டுச் செயலி இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. காதில் ஓர் ஒலி கேட்கும். திரையில் சில எழுத்துகள் தோன்றும். குழந்தை உரிய எழுத்தைத் தொட வேண்டும். தவறினால் சரியான எழுத்து உடனே காட்டப்படும். எந்த எழுத்தில் குழந்தை தடுமாறுகிறது என்று கணக்கு வைத்துக்கொண்டு, அதற்கேற்பச் செயலி அடுத்த பயிற்சியை அமைக்கிறது. இத்தனை பொறுமையோடு ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே திருத்தம் சொல்வது, நிறைந்த வகுப்பில் எந்த ஆசிரியருக்கும் அரிது.

தமிழுக்கென்று செயலி அமைப்போர் நம் எழுத்தின் இயல்பையும் கருத வேண்டும். ‘கொ’ என்பதில் கண் முதலில் காண்பது கொம்பை. காதோ முதலில் ‘க்’ என்பதையும் பிறகே ‘ஒ’ என்பதையும் கேட்கிறது. 247 எழுத்துகளையும் படங்களாக மனப்பாடம் செய்யவைப்பதைவிட, மெய்யோடு உயிரைச் சேர்த்தால் வடிவம் எப்படி மாறுகிறது என்று குழந்தையே கூட்டிப் பார்க்க விடுவதுதான் சரியான வழி என்பேன். பல், பால் போன்ற இணைகளை அடுத்தடுத்துக் கேட்கவைத்தால், துணைக்காலின் வேலை விளக்கமின்றியே புரிந்துவிடும்.

கதைச் செயலிகளில் தொட்டவுடன் பறக்கும் பட்டாம்பூச்சிகள் வேறு வகை. கதையை விளக்கும் அசைவுப்படங்கள் புரிதலுக்குத் துணைசெய்கின்றன; கதையோடு ஒட்டாத விளையாட்டுகள் கவனத்தைச் சிதறடிக்கின்றன.

விரலால் தொடுவது மட்டும் போதாது. இன்னும் வாசிக்கத் தெரியாத 5 வயதுக் குழந்தைகளிடம் 2012இல் வெளியான மூளைப்பட ஆய்வொன்றில், தட்டச்சு செய்தோ புள்ளிக்கோட்டின் மேல் வரைந்தோ பழகிய எழுத்துகளைவிட, தாமாகக் கையால் எழுதிப் பழகிய எழுத்துகளே வாசிப்புக்குரிய பகுதிகளைத் தூண்டின. செயலியை மூடியதும் பென்சிலைக் கொடுப்பது நல்லது.

வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன், எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியறிவையும் பெருக்கிவரும் விடை என்று கஃப், டன்மர் என்னும் ஆய்வாளர்கள் 1986இல் விளக்கினர். இரண்டில் ஒன்று சுழியானால் விடையும் சுழியே. செயலி பெரிதும் வலுப்படுத்துவது முதலாவதை. கிராஃபோகேம் குறித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், பெரியவர் உடனிருந்து ஈடுபட்ட இடங்களிலேயே பலன் தெளிவாகத் தெரிந்தது. குழந்தை ‘பழம்’ என்பதைப் ‘பலம்’ என்று வாசித்தால், செயலி தவறு என்று காட்டும், அருகில் இருப்பவரோ, “குரங்கு எதைப் பறித்துத் தின்றது?” என்று கேட்பார், குழந்தை தானே திரும்பிப் போய் அந்தச் சொல்லை மறுபடியும் பார்க்கும்.